எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன அக்கா

போன வருஷம் காணும் பொங்கலன்று காலை எட்டு மணி இருக்கும். இரண்டு போலீஸ்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் சிறையிலிருந்து திரும்பி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. முந்தின நாள் மதியம் நெய்வேலி டவுன்ஷிப்பில் பூட்டியிருந்த ஒரு குவார்ட்டர்ஸை உடைத்து யாரோ நகையை எடுத்துவிட்டார்களாம். பூட்டிய வீடு என்றால் ஏழுமலை. என் பெயர் அப்படித்தான் பதிந்திருந்தது. செத்துப் போய்விடலாம் என்று தோன்றியது.

அந்தப் பெயரை நானேதான் சம்பாதித்தேன். எனக்குக் கம்மாபுரம் பக்கம். டவுன்ஷிப் வீடுகளில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தேன். லீவு விட்டால் திருநெல்வேலி, மதுரை என்று ஊருக்குப் போகிற குடும்பங்கள் எவை என்று எனக்குத் தெரியும். குடி என்னைத் தின்றது. எனக்கு வேலை கொடுத்த வீடுகளையே உடைத்தேன். கடைசியாக உடைத்தது டவுன்ஷிப்பில் எஸ்தர் என்கிற அக்காவின் வீடு. ஊரிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்த அக்கா, பின்கதவு வழியாக நான் ஓடுவதைப் பார்த்துவிட்டார். கோர்ட்டில் என்னைக் கைகாட்டிச் சாட்சி சொன்னார். மூன்று வருஷம் தண்டனை கிடைத்தது.

சிறைக்கு மாதம் ஒரு முறை சில விசுவாசிகள் ஜெபிக்க வருவார்கள். அதில் ஒருவர் தேவராஜ் அண்ணன், சுரங்கத்தில் வேலை. நான் என்ன செய்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பார். அங்கேதான் நான் ஆண்டவரை அறிந்தேன். விடுதலையான அன்று நைட் ஷிப்ட் முடித்து, கண் சிவக்க, சிறை வாசலில் நின்றவரும் அவர்தான். வீட்டில் என் மனைவி செல்வி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் ஞாயிறு சபைக்குப் போனேன். மூன்று வரிசை முன்னால் எஸ்தர் அக்கா. அவரும் அதே சபை என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். இனி வரமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். “நீயும் வா தம்பி, அவங்களும் வரட்டும். நடுவுல ஆண்டவர் இருக்காரு” என்றார். போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சபையில் ஒயரிங் வேலை கொடுத்தார்கள், அதையும் செய்தேன்.

மாட்டுப் பொங்கலன்று அக்காவே ஆள் அனுப்பினார். வீட்டில் பாதி லைட் எரியவில்லை, வேறு யாரும் கிடைக்கவில்லை. உள்ளே போனேன். அக்கா ஹாலை விட்டு நகரவில்லை. வேலை முடிந்ததும் டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மன்னிச்சுட்டேன்னு இன்னும் என்னால சொல்ல முடியலப்பா. அதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

மறுநாள்தான் போலீஸ் வந்தது.

நேற்று மதியம் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். எஸ்தர் அக்கா வீட்டில் என்றேன். சிரித்தார்கள். உன்னை உள்ளே தள்ளின அம்மாவே உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாங்களா என்றார்கள். யாருக்குமே நம்ப முடியாத உண்மை என்னுடையது. ஸ்டேஷன் பெஞ்சில் தலை குனிந்து, “ஆண்டவரே, நான் பொய் சொல்லவில்லை என்பது உமக்குத் தெரியும். தெரிந்த இன்னொருவரை அனுப்பும்” என்று மட்டும் கேட்டேன். வேறு ஜெபம் வரவில்லை.

அதே நேரம் செல்வி தேவராஜ் அண்ணனைத் தேடி ஓடியிருக்கிறாள். அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தார். வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். பிறகு அவளே சொன்னாள்: “அந்தக்கா வாசல்ல செருப்பு மாட்டிக்கினு நின்னாங்க. பக்கத்து வூட்ல சொல்லிக் கேள்விப்பட்டாங்களாம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, எந்த ஸ்டேஷன்னு கேட்டாங்க.”

அக்கா ஸ்டேஷனுக்குள் வந்து அதிகாரி முன் நின்றார். முந்தின நாள் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை நான் தன் கண்முன்னால் வேலை பார்த்ததைச் சொன்னார்.

“இவன் மேல அப்ப கேஸ் குடுத்ததே நீங்கதானேம்மா?”

“நான்தான் சார். அன்னைக்கும் பாத்ததைத்தான் சொன்னேன். இன்னைக்கும் பாத்ததைத்தான் சொல்றேன்.”

எழுதிக் கையெழுத்தும் போட்டார். மதியத்துக்குள் என்னை அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் திருடினவர்களும் வேறு ஊரில் பிடிபட்டார்கள். ஸ்டேஷன் படியில் அக்காவின் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். “எனக்கும் இன்னைக்குத்தான் மனசு லேசாச்சு ஏழுமலை” என்றார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றேகால் வருஷத்தில் அதுதான் முதல் முறை.

சிறையை விட்டு வந்ததிலிருந்து நான் குடிக்கவில்லை. டவுன்ஷிப்பில் இப்போது எனக்கு நிறைய வேலை. மாதம் ஒரு நாள் அண்ணனோடு சிறைக்குப் போகிறேன். போன மாதம் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர் விடுதலையானார். பஸ் ஏறவே மறுத்தார். எந்த மூஞ்சியோடு போவேன் என்றார். எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். செல்வி சோறு போட்டாள். மறுநாள் அவரே ஊருக்குக் கிளம்பினார்.

உங்கள் வீட்டிலும் யாராவது சிறைக்குள் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். பிறகு எங்களிடமும் சொல்லுங்கள். வெளியே வருகிற அன்று சிறை வாசலில் நாங்கள் நிற்போம்.