அப்பாவுக்குக் கேட்காமல் போன பேச்சு

என் அப்பா போலந்துக்காரர். அவர் ஊரை விட்டுக் கிளம்பியபோது அந்தப் பெயரில் ஒரு நாடே கிடையாது. ரஷ்ய அரசரின் ஆட்சி நடந்தது. அதனால் ரங்கூனை அடுத்த இன்சீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவர் 'ரஷ்யாக்காரர்'தான். கப்பலில் பாய்லர் வேலை பார்த்துக்கொண்டு வந்தவர், காய்ச்சலில் விழுந்து ரங்கூன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்தான் என் அம்மா.

வீட்டில் தமிழ்தான். அப்பா அதை அம்மாவின் வாயிலிருந்து கற்றார். அம்மா அவரிடம் எப்போதும் மரியாதையாகப் பேசியதால் அவருக்கு அந்தத் தமிழ் ஒன்றுதான் தெரியும். "நாய் வந்திருக்காங்க, சோறு போடுங்க" என்பார். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது தன் மொழியைச் சொல்லித்தரத் தொடங்கினார். ரொட்டி, தண்ணீர், மழை என்று ஒவ்வொரு சொல்லாக.

"பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், தெருவுல பர்மா பாஷை, வீட்டுல தமிழ். இதுக்கு மேலயும் பிள்ளை தலையில எதை ஏத்துறீங்க? இங்க யார்கிட்ட அவ அதைப் பேசப்போறா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சரிதான். யாரும் இல்லை" என்று விட்டுவிட்டார். விளையாடப் போகலாம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் வேலையில் கைதேர்ந்தவர். எஞ்சின் பாய்லருக்குள் புகுந்து, பழுக்கக் காய்ந்த ரிவெட் ஆணிகளை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பார். ஆட்கள் வெளியே நின்று சம்மட்டியால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் முழுக்க அவர் காதில்தான் இறங்கியது. பஞ்சு அடைத்துப் பார்த்தார், பயனில்லை. முதலில் மழைச் சத்தம் கேட்கவில்லை என்றார். அப்புறம் கோயில் மணி. நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது அவருக்கு ஒன்றுமே கேட்காது. நேரே நின்று தமிழில் மெதுவாகப் பேசினால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் பங்குச் சாமியார் ஆள் அனுப்பினார். துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் ஒரு போலந்துக்காரர் இருக்கிறாராம். பூசைக்கு வந்தவர் அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க ஆசைப்படுகிறாராம். அப்பா கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு ரயில் வருவதற்கு வெகு முன்னாலேயே ஸ்டேஷனில் போய் நின்றார். அம்மா கோழிக் குழம்பு வைத்தாள்.

வந்தவர் சின்ன வயதுக்காரர். ஸ்டேஷனிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பா பேச ஆரம்பித்தார். இத்தனை காலம் எங்கே வைத்திருந்தார் என்று தெரியாத வேகத்தில் பேசினார். நாங்கள் பார்த்தே இராத மனிதராக இருந்தார். வந்தவர் பதில் சொன்னார். அப்பா அவர் வாயையே பார்த்தார். அந்த மொழி பேசும் உதட்டைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். அவர் மறுபடி பதில் சொன்னார். அப்பா சிரிக்கிற இடம் தெரியாமல் சிரித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. வந்தவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. "என்கிட்ட சொல்லுங்க, நான் அவருக்குத் தமிழ்ல சொல்றேன்" என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"நீங்க சொல்ல வேண்டாம்மா. அவங்களே சொல்லட்டும்."

வந்தவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் நிறுத்தாமல் பேசினார். எழுதிக் காட்டவும் வழியில்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வழியனுப்பப் போனபோது, அப்பா என்ன கேட்டார் என்று அவரிடம் விசாரித்தேன்.

"தன் பேச்சு இன்னும் நம்ம ஊர்ப் பேச்சாத்தான் இருக்கா, கெட்டுப்போச்சான்னு கேட்டார். கெடவே இல்லைன்னு சொன்னேன். பல தடவை சொன்னேன்."

வீட்டுக்கு ஓடிவந்து அப்பா முன்னால் நின்று அதைச் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க?" என்றார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கோட்டைக் கழற்றினார்.

அதற்கப்புறம் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவருக்குக் கடைசியில் தமிழ் வரவில்லை. எங்களைப் பார்த்துத் தன் மொழியிலேயே பேசினார், ஏதோ கேட்டார், காத்திருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, சரிங்க" என்று சொன்னாள். கட்டிலின் மறுபக்கம் நின்று நானும் தலையாட்டினேன். அவர் தண்ணீர் கேட்டாரா, யாரையாவது கூப்பிடச் சொன்னாரா, எங்கே புதைக்க வேண்டும் என்று சொன்னாரா, எங்கள் இருவருக்குமே தெரியாது.