லுதோமிரின் படகும் ஒரு மின்கம்பளியும்

ஏரிக்கரை ஊரான மிகோவைகியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் லுதோமிருக்கு ஒரு வேலையை ஆரம்பிப்பதில் இருக்கிற வேகம் முடிப்பதில் இருக்காது. அவர் வீட்டுக் குளியலறையில் மூன்று சுவர்களுக்கு ஓடு பதித்திருக்கும். நாலாவது சுவர்ப் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். அப்படிப்பட்டவர் ஓர் இலையுதிர் காலத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்றை இழுத்து வந்து கார் ஷெட்டில் கவிழ்த்துப் போட்டார். கார் அந்தக் குளிர்காலம் முழுக்க வெளியே பனியில் நின்றது.

படகின் அடிப்பக்கம் ஒரே விரிசலும் கொப்புளமும். தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். தேய்க்கும்போது பறக்கிற அரிப்புத் தூள் அவர் சட்டைக்குள் புகுந்து, துவைக்கிற துணியெல்லாம் பரவி, கிறிஸ்துமஸ் பூசையில் அவரும் மனைவி ரோமானாவும் ஆளுக்கொரு பக்கம் சொறிந்துகொண்டு நின்றார்கள். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கியதே அதைப் பார்த்துத்தான் என்று ரோமானாவின் அண்ணன் செவெரின் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

செவெரின் அடுத்த தெரு. ஷெட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார், யோசனை சொல்வார், உப்புத்தாளை மட்டும் தொட மாட்டார். லுதோமிர் விரிசல்கள்மேல் கண்ணாடி நார்த் துணியை ஒட்டி ரெசின் பசை பூசிய அன்றும் அவர் வாய் ஓயவில்லை.

“மாப்ளே, இது மிதக்கறதுக்கா, இல்ல பூச்செடி வைக்கறதுக்கா?”

லுதோமிர் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே பூசி முடித்தார்.

மறுநாள் பூச்சு இறுகாமல், தொட்டால் ஜாம் மாதிரி ஒட்டியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. குளிர்தான் காரணம் என்று தீர்மானித்து ஹீட்டர் வைத்தார். அப்போதும் இறுகவில்லை. கடைசியில் படுக்கையில் இருந்த, மின்சாரத்தில் சூடேறும் கம்பளியை உருவிப் படகுக்குப் போர்த்திவிட்டார்.

ரோமானா அன்று கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் ஷெட்டுக்குப் போனால், கணவர் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது வருவதாக இல்லை.

“உன் படகுக்குக் குளிர் விட்டுச்சா?”

“ஒட்டிக்கிச்சு,” என்றார், நிமிராமல்.

அலமாரியில் ரெசின் டப்பா பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, மூடியே பிரிக்காமல். ரோமானா அதை எடுத்துப் படித்தாள். ரெசினை இறுக வைக்கிற மருந்து அது.

“இத கலக்கவே இல்லையா நீ?”

லுதோமிர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். “உங்கண்ணன் பேசிக்கிட்டே இருந்தாரு.”

“ஈஸ்ட் போடாம மாவு பிசைஞ்சிட்டு அடுப்பக் குத்தம் சொல்லியிருக்க.”

அவர் சிரிக்கவில்லை. படகை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார். பிறகு மெதுவாக, “இத்தன வருஷமா அந்த ஏரிய பஸ் கண்ணாடி வழியாத்தான் பாக்குறேன்,” என்றார்.

ரோமானா அடுத்த கிண்டலுக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு, சட்டைக் கையை மடித்தாள். கம்பளியை வெட்டி, பிசுபிசுப்பையெல்லாம் இருவரும் சுரண்டியெடுத்தார்கள். அதன்பின் ரெசின் கலக்கும் வேலை அவளுடையது. கலந்து முடியும்வரை அண்ணன் ஷெட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவும் போட்டாள். செவெரின் புண்ணியத்தில் விஷயம் பஸ் வரைக்கும் போனது. பிள்ளைகள், “கம்பளி காஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டார்கள். இன்னும் ஈரம்தான் என்று அவரும் சளைக்காமல் சொன்னார்.

மே மாதம் படகை ஏரியில் இறக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் லுதோமிருக்கு வயிற்றைப் புரட்டி முகம் வெளிறிப்போனது. மறுமுறையும் அதே கதை. மூன்றாம் முறை ரோமானா தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் மீன் பிடிக்கப் போகிறாள். அவர் படகுத்துறையில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ரெசின் கலக்கும் விதத்தை விளக்குகிறார். அவள் திரும்பி வந்ததும் குனிந்து படகுக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் மீன் கிடைத்ததா என்று கேட்பார்.