மதகடிப்பட்டுப் பெட்ரோலும் பிலோமினாவின் பால் புட்டியும்

“…எரியுதா இல்லியா, அத்தச் சொல்லு மேஸ்திரி மொதல்ல! எரியிறதுக்குத்தானே பெட்ரோலு? இதுவும் எரியுதே, ஒன் கண்ணு முன்னால!”

கோதண்டம் இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு ஸ்பூன் இருந்தது. ஸ்பூனில் கொஞ்சம் பெட்ரோல். அதன் மேல் தீ. மதகடிப்பட்டுக் கூட்டுரோட்டில், பகல் பதினோரு மணி வெயிலில், பெட்ரோல் டிரம்முக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு கொளுத்திக் காட்டுகிறார். நான் டிரம்மைப் பார்க்கிறேன், ஸ்பூனைப் பார்க்கிறேன், இரண்டடி பின்னால் நகர்கிறேன். என் பக்கத்தில் நின்ற பிலோமினா இரண்டையும் பார்க்கவில்லை. கோதண்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பங்க்கிலேயே எத்தனால் என்கிற ஸ்பிரிட் கலந்துதான் பெட்ரோல் வருகிறது. படகு எஞ்சின், மருந்தடிக்கிற மிஷின் வைத்திருக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, “ஸ்பிரிட்டு கலக்காத பெட்ரோலு எங்க கெடைக்கும் பெரியவரே?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியோடு நான் அலைந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது பெட்ரோலில் ஸ்பிரிட் கலந்தது எந்தக் கம்பெனியும் இல்லை. நம் ஆட்கள்தான்.

1. விக்கல் எடுக்கிற எஞ்சின்கள்

வில்லியனூரில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. மேலே கீற்று, கீழே மண் தரை. பம்புசெட், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், எப்போதாவது ஒரு படகு எஞ்சின் வரும். எனக்கு யாரும் முறையாகத் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்றினேன், மாட்டினேன், மிச்சம் ஒரு நட்டு கையில் நின்றால் மறுபடியும் கழற்றினேன். அப்படி வந்த தொழில்.

எஞ்சினைவிட எனக்குப் பிடித்தது, அதைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் கோளாறு. “விக்கல் எடுக்குதுபா” என்றால் மிஸ்ஃபயர். “காலைல கூப்டா ஏன்னு கேக்க மாட்டேங்குது” என்றால் பிளக் போயிருக்கும். “ஊரு பூரா கேக்குது, தண்ணி மட்டும் வரல” என்றால் பம்பில் காற்று. ஸ்பேர் பார்ட்ஸ் வருகிற அட்டைப் பெட்டியின் உள்பக்கம் இதையெல்லாம் எழுதி வைப்பேன். பெட்டி தீர்ந்துபோனால் அடுத்த பெட்டி.

அந்த அட்டைகளில் ஒன்று மூர்த்திக்குப்பத்துப் படகுக்காரர் சொன்னது. எஞ்சினோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலும் கொண்டுவருவார். குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் கோடு ஏதும் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டேங்கில் ஊற்றுவார். “இன்னாய்யா இது, ஜோசியமா?” என்று ஒரு நாள் கேட்டேன். “ஒங்க வண்டி நின்னா எறங்கித் தள்ளுவீங்க மேஸ்திரி. நான் எங்க எறங்குறது?” என்றார். சிரித்தேன், எழுதிக்கொண்டேன். அதோடு மறந்தும் போனேன்.

2. மூன்று நாள்

அந்த வருஷம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் புகையான் விழுந்தது. எள்ளுப் பொட்டு மாதிரிப் பூச்சி. பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று தீய்ந்த தோசை மாதிரி வட்டமாகக் காய்ந்து கிடக்கும். நாளைக்கு அந்த வட்டம் பெரிதாகும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். மருந்தை உடனே, தூருக்கே அடிக்க வேண்டும். கைத் தெளிப்பான் எல்லாம் யார் யார் வயலிலோ இருந்தது. அதற்கு ஆளும் கிடைக்கவில்லை.

பிலோமினா வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. புருஷன் சவரிமுத்துவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. இரண்டு காணி நெல்லை முக்கால்வாசி அவளேதான் பார்த்துக்கொண்டாள். மூன்று வீட்டுக்குப் பொதுவாக ஒரு பழைய பவர் ஸ்பிரேயர் இருந்தது. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

“இன்னாமா கோளாறு?”

“ஸ்டார்ட் ஆவுதுண்ணே. நாலு வரிசை போனதும் குந்திக்கிது. கயித்த இழுத்து இழுத்து அவரு தோளு எறங்கிப்போச்சி.”

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், பிளக்கைத் தேய்த்தேன், என் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. கொண்டுபோனாள். சாயங்காலமே திரும்பிக் கொண்டுவந்தாள். மறுபடியும் என் பெட்ரோலில் ஓட்டினேன். மறுபடியும் ஓடியது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். அதிகமானால் பிளக் நனைந்து நிற்கும். எனக்குச் சட்டென்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

“ஆயில கண்ணளவுல ஊத்துறீங்கமா. சாம்பாருக்கு எண்ணெ ஊத்துற மாதிரி ஊத்துனா எஞ்சினு நிக்காம இன்னா பண்ணும்?”

அவள் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பால் புட்டியை எடுத்து என் மேஜையில் ‘டொக்’கென்று வைத்தாள். அவுன்ஸ் கோடு போட்ட புட்டி.

“என் புள்ள பால் மறந்து மூணு மாசம் ஆவுது. அவன் குடிச்ச புட்டிண்ணே இது. கோடு பாத்துதான் ஆயிலு ஊத்துறேன். என் அளவுல தப்பு இருந்திருந்தா அவன் இந்நேரம் எந்திரிச்சி நடப்பானா?”

நான் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. அவள் போன பிறகு அதை அட்டையில் எழுதிக்கொண்டேனே தவிர, அவள் சொன்னது உண்மையாக இருந்தால் எஞ்சின் ஏன் நிற்கிறது என்று யோசிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை மிஷின் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

“முந்தாநேத்து மூணு வட்டம். இன்னிக்கி ஏழு. ஒன் பட்டறையில ஓடுது, என் வயல்ல ஓடல. மிஷினு ஒன்னக் கண்டா பயப்படுதா? வந்து பாரு.”

3. மிதவை

போனேன். சவரிமுத்து மிஷினை முதுகில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். பிடித்தது. நாலு வரிசை. நின்றது. அவள் சொன்னபடி, அதே நாலு வரிசை.

வரப்பில் துண்டை விரித்து கார்புரேட்டரைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் அளவைக் காக்கிற மிதவை ஒன்று உண்டு. அது பழைய மாடல், கார்க் மிதவை. கார்க் ஊறிவிடாமல் இருக்க அரக்குப் பூசியிருப்பார்கள். விரலால் தொட்டேன். வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. கதவுக்கும் பீரோவுக்கும் பாலீஷ் போடுகிற தச்சுப் பட்டறை வாசனை.

பெட்ரோலுக்கு அரக்கு கரையாது. ஸ்பிரிட்டுக்குத்தான் கரையும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே தச்சர்கள் பாலீஷே போடுகிறார்கள்!

“பெட்ரோலு எங்கமா வாங்கறீங்க?”

“மதகடிப்பட்டுல, கோதண்டம் கடையில. வேற எங்க கெடைக்குது?”

இரண்டு தடவையும் நான் அந்த எஞ்சினுக்கு என் வீட்டுச் சோற்றைப் போட்டுவிட்டு, ‘ஒங்க வீட்டுல மட்டும் ஏன் சாப்பிட மாட்டேங்குது’ என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் ஊற்றுகிற பெட்ரோலை ஒரு தடவைகூட மோந்து பார்க்கவில்லை.

“பிலோமினா, தப்பு ஒன் மேல இல்ல” என்றேன்.

“அது எனுக்குத் தெரியும். நெல்லுக்கு இன்னா வழி, அத்தச் சொல்லு” என்றாள்.

அரக்குக் கரைந்த கார்க்குக்குப் பதிலாக என் பெட்டியில் கிடந்த ஒரு பித்தளை மிதவையை மாட்டினேன். மிஷின் தயார், பெட்ரோல்தான் இல்லை. என் பாட்டில் காலி. பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம் அது. வில்லியனூர் பங்க்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகை தொங்கியது. இருக்கிற நாளிலும் வண்டிக்குத்தான் ஊற்றுவார்கள், கேனில் கொடுக்க மாட்டார்கள். கோதண்டத்திடம் கலக்காத சரக்கு கொஞ்சமாவது இருந்தால் உண்டு. சவரிமுத்து அன்றைய ஷிப்டுக்குப் போகாமல் மிஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பிலோமினாவும் காலிக் கேனோடு பஸ் ஏறினோம். பால் புட்டியையும் எடுத்துவரச் சொன்னேன். மூர்த்திக்குப்பத்துக் குப்பி ஞாபகம் வந்திருந்தது.

4. கூட்டுரோடு

கோதண்டம் மோசமான ஆள் இல்லை. சைக்கிள் கடைக்காரர். பஸ் போய்விட்டது என்று ஓடிவருகிறவர்களுக்கு கடைப் பெஞ்சில் இடம் கொடுத்து, தன் டீயில் பாதி கொடுக்கிற மனிதர். டிரம் ஒன்று வைத்து, எங்கிருந்தோ பெட்ரோல் வரவழைத்துப் பாட்டில் கணக்கில் விற்றுவந்தார். நான் கேட்டதும் ஒளிக்கவில்லை.

“ஆமா, பாலீஷ் ஸ்பிரிட்டு கொஞ்சம் ஊத்துனேன். இப்ப அதுக்கு இன்னா? பத்து பேரு வர்றான், நாலு பேருக்குத்தான் இருக்குது. மிச்ச ஆறு பேர வெறுங்கையோட அனுப்பறதா? ஆளு ஜாஸ்தி வந்தா ஒன் வூட்டுல கொழம்புல தண்ணி ஊத்த மாட்டாங்க?” என்று ஆரம்பித்தவர்தான், ஸ்பூனைக் கொண்டுவந்து கொளுத்திக் காட்டினார்.

ஸ்பூனில் தீ அணைகிற வரை காத்திருந்தேன். பிறகு பால் புட்டியில் இரண்டு அவுன்ஸ் கோடு வரை தண்ணீர் பிடித்தேன். அதன் மேல் எட்டாவது கோடு வரை அவர் டிரம்மிலிருந்தே பெட்ரோல் ஊற்றினேன். மூடி, நன்றாகக் குலுக்கி, அவருடைய பெஞ்சின் மேல் நிறுத்தினேன்.

“பாத்துகினு இரு.”

பெட்ரோல் மேலே போனது, தண்ணீர் கீழே இறங்கித் தெளிந்தது. தண்ணீரின் கோடு இரண்டில் நிற்கவில்லை. மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கோதண்டம் குனிந்து பார்த்தார். “ரெண்டுதானே ஊத்துன? தண்ணி எப்பிடிய்யா வளந்துச்சி?”

“தண்ணி வளரல. ஒன் ஸ்பிரிட்டு பெட்ரோல வுட்டுட்டு தண்ணியோட போய் சேந்துகிச்சி. ராத்திரி ஈரம் பட்டா மிஷினு உள்ளயும் இதேதான் நடக்குது. பிரிஞ்சி அடியில நிக்கும். எஞ்சினு அடியிலேர்ந்துதானே குடிக்கிது? ஸ்பூன்ல எரியும் கோதண்டம், எஞ்சின்ல நின்னுடும்.”

அவர் புட்டியைத் தானே எடுத்து இன்னொரு தடவை குலுக்கி வைத்தார். கோடு மறுபடியும் மூன்றுக்கே வந்தது. பிலோமினா, கடை ஓரம் நின்ற அவருடைய மொபெட்டைக் காட்டினாள்.

“ஒங்க வண்டிக்கும் இத்தத்தான் ஊத்துறீங்களாண்ணே?”

கோதண்டம் மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார். ஸ்பூனை வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“ஒரு தடவ ஊத்துனேம்மா. கண்டமங்கலம் தாண்டல, நின்னு போச்சி. நம்ம வண்டி பழசு, அதுக்கு ஒத்துக்கலன்னு நெனச்சேன். அதுலேர்ந்து எனுக்கு மட்டும் தனியா எடுத்து வச்சிப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நேத்துதான் டேங்க்க ரொப்புனேன். அதோட அந்தச் சரக்கும் தீந்துபோச்சி” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் வண்டி நின்றபோது வண்டியின் வயசைக் குறை சொன்னார். அவள் மிஷின் நின்றபோது நான் அவள் கையைக் குறை சொன்னேன். அடியில் நின்ற சரக்கை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்கு எந்த எஞ்சின் வந்தாலும், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், “நீங்க ஊத்துற பெட்ரோலையும் கொண்டாங்க” என்று கேட்பது என் வழக்கமானது. கொண்டுவந்தவர் சொல்லுகிற கோளாறை அட்டையில் எழுதுவதோடு நிற்காமல், அது அப்படியே உண்மையாக இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவும் பழகிக்கொண்டேன். இப்போது கேட்டு வருகிற பிள்ளைகளுக்கும் இதுதான் பதில். எங்கே கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கோடு போட்ட ஒரு கண்ணாடிப் புட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஊற்றுவதற்கு முன்னால் பாருங்கள்.

அன்று பிலோமினா சண்டை போடவில்லை. “ஏழு வட்டம்ணே. சாயங்காலத்துக்குள்ள அடிக்கலன்னா அறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது” என்று மட்டும் சொன்னாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, கோதண்டத்திடம் சொன்னாள்.

கோதண்டம் அவள் கையிலிருந்த காலிக் கேனை வாங்கினார். மொபெட்டின் கார்புரேட்டரிலிருந்து டியூபைப் பிடுங்கிக் கேனுக்குள் விட்டார். ஆயில் கலந்த, ஸ்பிரிட் படாத பெட்ரோல் நூலாக இறங்கியது. நின்றதும் வண்டியை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார், டேங்கில் காதை வைத்துக் கேட்டார், இன்னொரு தடவை சாய்த்தார். மூடியை இறுக்கிக் கேனை பிலோமினாவிடம் கொடுத்தார். டிரம்மின் குழாயைக் கோணிச் சாக்கால் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினார். எங்கள் பஸ் வந்து நாங்கள் ஏறியபோது, சுத்துக்கேணியிலிருக்கிற தன் வீட்டை நோக்கி, காலி மொபெட்டின் பெடலை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு போனார்.