திரும்பாத உள்ளங்கை

சுன்னாகத்தில் றெயிலிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். வலியைவிட, வலது முன்கை நடுவில் வளைந்து கிடந்த விதமே என்னைப் பயமுறுத்தியது. அங்குள்ள இரண்டு எலும்புகளும் (ஆரை, அரந்தி) முறிந்திருந்தன.

அண்ணை என்னை முறிவு வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் கூட்டிச் சென்றார். அவர் எலும்பைத் தடவிப் பொருத்தி, உழுத்தம்மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பத்துப் போட்டு (மருந்துப் பூச்சு), மட்டை வைத்துக் கட்டினார். சில நாட்களில் விரல்கள் நீலம் பாரித்தன. அண்ணை பயந்துபோய் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

"உது ஆர் வாத்த தோசை?" என்று கேட்டுக்கொண்டே டொக்டர் கட்டை வெட்டினார். எலும்பை மீண்டும் இழுத்துப் பொருத்திச் சாந்துக் கட்டுப் (ஈரத்தில் இட்டு இறுகவிடும் வெண்சாந்து) போட்டார்.

அதைப் பிரித்தபோது கை நேராக இருந்தது. ஆனால் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை.

"எழுதுங்கோ ரீச்சர், பாப்பம்," என்றார் டொக்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவதுபோல் என் பெயரை எழுதினேன்.

"பிறகென்ன? முதலே இங்கை வந்திருந்தால் இதுகும் இராது."

பிறகு பரியாரியிடம் கையைக் காட்டப் போனேன். அவர் என்னை வாளி தூக்கச் சொன்னார். தூக்கினேன். "உவையள் கைக்கு வெள்ளையடிச்சு விட்டிருக்கினம், பிள்ளை. என்ரை கட்டை அவிழ்க்காமல் விட்டிருந்தால் திரும்பியிருக்கும்."

"இனி என்ன செய்யலாம்?"

"அவையளைத்தான் கேக்கவேணும்."

தமிழ் வைத்தியத்துக்கும் இங்கிலீசு வைத்தியத்துக்கும் உள்ள பகை எனக்குப் புதிதல்ல. பரியாரியின் தகப்பனார் ஆசுபத்திரி மருந்து குடித்தவரின் நாடியைத் தொடமாட்டாராம். ஆசுபத்திரிக்குப் பரியாரியின் எண்ணெய் மணத்தோடு போனால் ஏச்சு விழும். இரு பக்கத்தாரும் அச்சிட்ட கண்டனங்களை நான் விருப்பத்தோடு வாசித்திருக்கிறேன். அவற்றில் நோயாளி ஒரு சாட்சியாக மட்டுமே வருவார் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

கை முறிந்து இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்வேன். கட்டுவது எவராயினும், கட்டு இறுகுமுன் உள்ளங்கை எப்பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, கேட்கலாமென்று தெரியாது.

கோயிலில் முதன்முறை கையை நீட்டியபோது, ஐயர் இட்ட திருநீறு பக்கவாட்டில் நின்ற கையிலிருந்து நிலத்தில் கொட்டியது.

"இடக்கையை நீட்டிப்போடாதை," என்று அண்ணை மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது முழங்கையை வயிற்றோடு ஒடுக்கி, வலப்பக்கம் முழு உடலையும் சாய்க்கிறேன். அப்போதுதான் உள்ளங்கை சற்றே வானம் பார்க்கிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரை ஐயர் திருநீற்றை விரல்களில் பிடித்தபடி நிற்கிறார். முதலில் கட்டியவர் யாரென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.