காற்று பிரிந்த நாள்

2024 ஜூன் 12, புதன்கிழமை. விடியும் முன் எழுந்து முகம் கழுவி, பாயைச் சுருட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மகளை ஈரத்துணியால் துடைத்து, தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன்.

அவளுக்கு ஏழு வயது. பித்தக்குழாய் பிறவியிலேயே பை போல உப்பியிருந்தது. அதனால் அடிக்கடி வயிற்றுவலி, மஞ்சள் காமாலை. சனிக்கிழமை அறுவை நடந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுப் பையை எடுத்து, குடலைப் பித்தக்குழாயோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். வெளியே தெரிந்தவை நான்கு பிளாஸ்திரிகள்தான்.

ஆனால் காற்று பிரியவில்லை. அது பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது.

காலையில் டாக்டர் வந்தார். கூடவே ஒரு கூட்டம் பயிற்சி மருத்துவர்கள். "காத்து பிரிஞ்சுதா பாப்பா?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"சாயந்தரம் வரைக்கும் பாப்போம்மா. இல்லன்னா ஸ்கேன். தையல் போட்ட எடத்துல அடைப்பு இருந்தா மறுபடி உள்ள போக வேண்டியிருக்கும்."

அதன்பின் அவள் வயிற்றைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

மதியம், பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க அறுவை முடிந்த கைக்குழந்தையோடு இருந்த வீராம்பட்டினத்துப் பெண் திடீரென்று மூக்கைப் பொத்தினாள். "யக்கா, இது எம்புள்ள வேல இல்ல. பால்குடிக்கு இந்த வாட வராது."

திரும்பினேன். மகளின் போர்வை தலைக்குமேல் போயிருந்தது.

"நீயாம்மா?"

"காலையிலேருந்தே வருதும்மா. அத்தன பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? நீதான அதெல்லாம் பேசக்கூடாதுன்ன?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்ப வேண்டும். அப்படி வளர்த்த நானே வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடினேன். "சிஸ்டர், பிரிஞ்சிடுச்சு! காலையிலேருந்தே பிரியுதாம்!" மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இன்னும் இன்னாத்துக்குடி ஒளியற?" என்று போர்வையை இழுத்தாள் வீராம்பட்டினத்துக்காரி. "உங்கம்மாதான் ஊருக்கே தண்டோரா போட்டுடுச்சே!"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார். "குடல் நல்லா ஓடுது. ஸ்கேன் வேணாம். தண்ணி குடுங்க."

"இப்பகூட ஒண்ணு," என்றாள் மகள், எல்லார் காதிலும் விழும்படி.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கேண்டீனில் அரிசிக் கஞ்சி வாங்கிவந்து, ஆற்றி, அவள் வாயில் ஒரு கரண்டி வைத்தேன். "உப்பே இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.