சீனி தூவிய கோதுமை

கறுவா. அவித்த கோதுமையின் மேல் தூவிய கறுவாப்பட்டைத் தூளின் வாசம். எந்த அடுப்பிலிருந்து எழுந்தாலும் அது என்னைக் கனடாவில் நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் அந்த இருட்டு மாடிப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எண்பதுகளின் ஒரு மாசி மாதம். எனக்கு ஒன்பது வயது. வெளியே பனி, படியெல்லாம் சப்பாத்து ஈரம், கீழ்வீட்டில் கிரேக்கத்து வீட்டுக்காரக் கிழவி.

மேலே நாங்கள் மூன்று பேர். அம்மா தையல் ஆலைக்குப் போனார். அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். ஆகையால் வீட்டின் வாய் நான்தான். குடிவரவுக் கடிதமோ கிழவியின் முறைப்பாடோ, எல்லாம் என் நாக்கில் ஏறித்தான் தமிழாகும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தக் கிழமை, அண்ணைக்கு டொரொன்டோவில் வேலை கிடைத்துவிட்டது என்று பேச்சு. போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். நாங்கள் வந்த புதிதில் கிழவி தந்திருந்த, செத்துப்போன அவள் புருஷனின் குளிர்ச்சட்டையை மடித்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். நல்ல பழக்கம் என்றார் அம்மா. டொரொன்டோவிலும் பனி கொட்டும் என்பதை எண்ணிப் பார்த்தவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான்.

சனிக்கிழமை மத்தியானம், அம்மா வேலையில் இருக்க, கிழவி படியேறி வந்தாள். கையில் வெள்ளைக் காகிதப் பை. உள்ளே அவித்த கோதுமை, சீனி, கறுவா, மாதுளை முத்துகள். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினாள். பிறகு அண்ணையைச் சுட்டி, இவனுக்குச் சொல், முழுவதும் சொல் என்றாள்.

அந்த நூற்றாண்டின் தொடக்கம். அவளுக்கு ஆறு வயது. கிரேக்கம் அப்போது ஒரு சின்ன ராச்சியம். எதிரே துருக்கிச் சுல்தானின் பேரரசு. அவளுடைய அண்ணன் யாரும் கூப்பிடாமலே போருக்குப் போனான்.

“மனிசி என்னவாம், பிரெஞ்சுத் துரைசாணி?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“அவவின்ரை அண்ணை சண்டைக்குப் போனவராம். இவையின்ரை சின்ன ராச்சியமாம். ஆனாலும் பேரரசை வெண்டிட்டினமாம்.”

அண்ணை நிமிர்ந்தார். கனடாவுக்கு வந்த நாள்முதல் நான் காணாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில். “பேந்து?”

“பேந்து ஊரெல்லாம் கோயில் மணி அடிச்சதாம்.”

கிழவி நிறுத்தவில்லை. மணி அடித்த அன்று அவளுடைய அம்மா மகனை எண்ணி வயலிலேயே கிடந்தாள், வீட்டுக்கு வரவேயில்லை. நாடு பெருத்தது, அண்ணன் திரும்பவில்லை. எந்த மண்ணில் கிடக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. இந்தக் கோதுமை அவனுக்குத்தான், செத்தவர்களுக்காக அவிப்பது.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு. அதை அணைக்க மனம் வரவில்லை. வெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணை சிரித்தபடியே கோதுமையை அள்ளி வாயில் போட்டார்.

கிழவி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் சொன்னாயா என்று கேட்டாள்.

வுய், ஓம் என்றேன் பிரெஞ்சில்.

அண்ணை டொரொன்டோவுக்குப் போகவில்லை. சென்னை வழியாக ஊருக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்துவிட்டதாகச் சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, எந்த மண் என்ற தகவலும் இல்லை. கிழவி செத்த பிறகு, மாசியில் கோதுமை அவிப்பது நான்.

கிழவி கதை சொன்னதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அண்ணையின் பையை மெட்ரோ வாசல்வரை தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். கிழவி வீட்டு வாசற்படியில் அந்தக் குளிர்ச்சட்டையை நீட்டியபடி நின்றாள். அவர் கையசைத்து வேண்டாம் என்றார். மெல்லிய சட்டைக்குள் தோள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மெட்ரோக் கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து வெக்கைக் காற்று முகத்தில் அடித்தது. அங்கே நின்று திரும்பினார்.

“அந்த மனிசியின்ரை அண்ணை, பேந்து என்ன செய்தவராம்?”

“வீட்டை வந்திட்டாராம்.”

“அப்ப நானும் போட்டு வாறன், குஞ்சு.”