உங்க நாயா இருந்தா என்ன செய்வீங்க?

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் பழைய அலுவலக நண்பர் ஒருவர், “தேவராஜ் அண்ணாச்சி தவறிட்டாராம்” என்றார். “யாரு சொன்னா? நீரு பாத்தீரா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது அண்ணாச்சியின் கேள்வி என்று உறைத்தது. தாலுகா அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் அது தொற்றியிருந்தது.

அவருடைய நாய் ஜூலிக்கு இன்சூரன்ஸ் விற்க ஒருவர் வந்தபோது, அண்ணாச்சி நிபந்தனைகளை ஓர் எழுத்து விடாமல் படித்தார். “ஏற்கெனவே இருந்த சீக்குன்னா பணம் கிடையாதாம். சீக்கு எப்பம் வந்துச்சுன்னு ஜூலிகிட்டயா கேப்பான்?” என்று திருப்பி அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டது சரிதான் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த ஆண்டே ஜூலி வயிற்றில் கட்டியோடு படுத்துவிட்டது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று நாய் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகைக்கு அந்தக் காலத்தில் ஒரு கல்யாணமே முடித்திருக்கலாம். அண்ணாச்சி அந்த இளம் டாக்டரை உற்றுப் பார்த்தார். “டாக்டர், இது உங்க நாயா இருந்தா என்ன செய்வீங்க?”

டாக்டர் யோசித்தபடி ஜூலியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “கீற மாட்டேன் சார். வயசாயிட்டு, தாங்காது. வலிக்கு மருந்து தாரேன், வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க” என்றார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி, “வே, நம்மகிட்ட காசு பெயராதுன்னு தட்டிக் கழிக்கானோ?” என்றார். அதற்காகவே திருநெல்வேலிக்குக் கார் பிடித்து இன்னொரு டாக்டரிடம் காட்டினார். அவரும் அதையே சொன்ன பிறகுதான் நம்பினார். ஜூலி அவர் காலடியிலேயே அடங்கியது. அன்று அவர் அழுததை நான் பார்த்தேன்.

தவறுவதற்கு ஒரு மாதம் முன்பு அண்ணாச்சியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அறுவை சிகிச்சை என்றதும் அதே கேள்விதான்: “டாக்டர், உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?” அந்த டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், “இன்சூரன்ஸ் இருக்கா?” என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “வே, என்னையும் ஜூலி டாக்டர்கிட்டயே காட்டியிருக்கலாம்.”

அண்ணாச்சியின் அடக்கத்துக்கு அந்த நாய் டாக்டர் மாலையோடு வந்திருந்தார். பழைய பாக்கி ஏதும் வசூலிக்க வந்திருப்பாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவருடைய கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. எந்த டாக்டரிடமும் கேட்கிறேன். பதிலை அவ்வளவாக நம்புவதில்லை. சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.